நோய் எதிர்ப்பு ரகம் என்றால், எந்த நோய்க்கு?

விதைப் பையில் 'நோய் எதிர்ப்புத் திறன் கொண்டது' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கி நட்டு, கதிர் வரும் நேரத்தில் இலை கருக ஆரம்பித்தால், விதை போலியோ என்றுதான் முதலில் தோன்றும். போலியாகவும் இருக்கலாம். ஆனால் அசல் விதையிலும் இது நடக்கும். பையில் எழுதியிருந்தது ஒரு நோயைப் பற்றி, வயலுக்கு வந்தது வேறொரு நோய். எல்லா நோயையும் நிறுத்தி வைக்கிற மரபணு எந்தப் பயிரிலும் கிடையாது. அதோடு, ஒரு நோயை அருமையாகத் தடுக்கிற அதே மரபணு இன்னொரு நோய்க்கு வழிவிட்டுக் கொடுப்பதும் உண்டு. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செடி எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். நமக்கு ரத்தத்தில் சுற்றி வந்து கிருமியைப் பிடிக்கிற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. செடிக்கு அப்படி எதுவும் இல்லை, ஒவ்வொரு செல்லும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் செல்லின் வெளிச்சவ்வில் உணர்விப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. பாக்டீரியா நீந்துவதற்கு வைத்திருக்கும் கசையிழைப் புரதத்தில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் என்று, கிருமிகளுக்கே உரிய பொருள்கள் பட்டதும் இந்த உணர்விகள் விழித்துக்கொள்ளும். உடனே இலைத்துளைகள் மூடும், செல்சுவர் தடிக்கும், கிருமிக்கு ஒவ்வாத வேதிப்பொருள்கள் சுரக்கும். காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த முதல் அடுக்கையும் அதோடு சேர்ந்த மற்ற தடைகளையும் தாண்டுவதில்லை. கோதுமையைப் பாடாய்ப் படுத்துகிற துரு நோய் நெல்லுக்கு வருவதே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

தாண்டி வருகிற சிலவற்றைத்தான் நாம் நோய்க்கிருமி என்கிறோம். அவை எப்படித் தாண்டுகின்றன? செடியின் செல்லுக்குள்ளேயே சில புரதங்களைச் செலுத்தி, அந்த முதல் அடுக்கை அமுக்கி வைத்துவிடுகின்றன. இந்தப் புரதங்களுக்கு எஃபெக்டர் என்று பெயர். ஒரே பூஞ்சை நூற்றுக்கணக்கான எஃபெக்டர்களை வைத்திருக்கும். இதற்குச் செடியின் பதில் செல்லுக்குள் இருக்கிற இரண்டாவது அடுக்கு உணர்விகள். என்எல்ஆர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் புரதங்கள் குறிப்பிட்ட ஒரு எஃபெக்டரை, அல்லது அது செய்து வைத்த சேதத்தை, அடையாளம் கண்டுகொள்ளும். புது ரகங்களை உருவாக்கும் இனவிருத்தியாளர்கள் 'எதிர்ப்பு மரபணு' என்று பேசும்போது பெரும்பாலும் இந்த உணர்விகளை உண்டாக்கும் மரபணுக்களைத்தான் சொல்கிறார்கள். ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் இவை சுமார் 150, நெல்லில் 400-க்கும் மேல்.

நோய் எதிர்ப்பு பரம்பரையாக வரும் என்பதே 1905-இல்தான் தெளிவானது. கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் கோதுமையின் மஞ்சள் துரு நோயை வைத்து, எதிர்ப்புத் தன்மை மெண்டல் சொன்ன கணக்கின்படியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று காட்டினார். அதன்பின் அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஹெரால்ட் ஃபிளார் ஆளிச்செடியின் துரு நோயை எடுத்துக்கொண்டு, செடியை மட்டும் பார்க்காமல் பூஞ்சையையும் கலப்பு செய்து அதன் பரம்பரையையும் பார்த்தார். 1940-களில் அவர் கண்டது இது: செடியில் ஒரு எதிர்ப்பு மரபணு இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பொருந்துகிற ஒரு மரபணு பூஞ்சையிலும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் நோய் நிற்கும், ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும் நோய் வரும். அந்தப் பூஞ்சை மரபணு எஃபெக்டரைத் தயாரிப்பது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

இதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது, நெல்லின் பூஞ்சை நோயான குலை நோயை உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது அத்துப்படி. கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல் ரகம்தான் அது. குலை நோய்க்கு அது சுலபமாக ஆட்படும் என்பதாலேயே, ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவையும் தனித்தனியாக அதற்குள் புகுத்தி எது எந்தப் பூஞ்சை இனத்தைத் தடுக்கிறது என்று சோதிக்கும் வேலைக்கு, பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் கோ 39-ஐத் தேர்ந்தெடுத்தது. ஒரு எதிர்ப்பும் இல்லாத ரகம் என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது? இல்லை. ஒரு வகைப் புல்லைத் தாக்கும் குலை நோய்ப் பூஞ்சையில் இருக்கிற ஒரு எஃபெக்டரை கோ 39 உடனே கண்டுபிடித்துவிடுகிறது. அந்த எஃபெக்டருக்கே ஏவிஆர்1-கோ39 என்று நம் ரகத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். நெல்லைத் தாக்குகிற பூஞ்சை இனங்களில் அந்த எஃபெக்டர் பொதுவாக இல்லை. ஆக உணர்வி இருக்கிறது, வேலையும் செய்கிறது, ஆனால் வயலுக்கு வருகிற பூஞ்சையில் அது தேடும் அடையாளம் இல்லை. ஃபிளார் சொன்ன 'இரண்டும் வேண்டும்' என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அந்த உணர்வி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் அது அவ்வளவு அழகு. அது ஒரு புரதம் இல்லை, ஜோடி: ஆர்ஜிஏ4, ஆர்ஜிஏ5. முதலாவது எப்போதும் செல்லைக் கொல்லத் தயாராக இருப்பது, இரண்டாவது அதை அடக்கிப் பிடித்து வைத்திருப்பது. ஆர்ஜிஏ5-இன் வால் பகுதியில், பூஞ்சையின் எஃபெக்டர்கள் வழக்கமாகத் தேடிப் போய் ஒட்டுகிற நெல் புரதங்களின் சாயலில் ஒரு துண்டு சேர்ந்திருக்கிறது. தூண்டிலில் மாட்டிய புழுவைப் போல அது அங்கே இருக்கிறது. எஃபெக்டர் வந்து அதில் ஒட்டியதும் ஆர்ஜிஏ5-இன் பிடி தளர்கிறது, ஆர்ஜிஏ4 தன் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. இந்த ஜோடி ஏவிஆர்1-கோ39-ஐ மட்டுமல்ல, ஏவிஆர்-பியா என்ற இன்னொரு எஃபெக்டரையும் இப்படியே பிடிக்கும் என்று 2013-இல் தெரியவந்தது.

சரி, அடையாளம் கண்டாயிற்று. அப்புறம் என்ன? இந்த உள் உணர்விகளில் சில, எஃபெக்டரைக் கண்டதும் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து சக்கரம் மாதிரி ஓர் அமைப்பாகிச் செல்லின் வெளிச்சவ்வில் துளை போட்டுக்கொள்கின்றன. அரபிடாப்சிஸில் இருக்கும் ஸார்1 என்ற உணர்வியின் இந்த வடிவத்தைச் சீன விஞ்ஞானிகள் 2019-இல் படம் பிடித்துக் காட்டினார்கள். துளை வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது, பாதுகாப்பு வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடுக்கிவிடப்படுகின்றன, கடைசியில் கிருமி நுழைந்த செல் தன்னைத்தானே சாகடித்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் சில செல்களும் அதோடு போகும். எதிர்ப்புள்ள நெல் ரகத்தில் குலை நோய்ப் பூஞ்சையின் வித்து விழுந்த இடத்தைப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரியும், அதற்கு மேல் வளராது. எதிர்ப்பு இல்லாத ரகத்தில் அதே இடத்தில் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளி விரிந்துகொண்டே போகும். முதல் வகைப் புள்ளியைப் பார்த்துப் பதறி மருந்தடிக்க வேண்டியதில்லை, செடி ஜெயித்த இடம் அது.

இங்கேதான் கிருமியின் வாழ்முறை முக்கியமாகிறது.

துரு நோய், சாம்பல் நோய் ஆகியவற்றை உண்டாக்கும் பூஞ்சைகள் உயிரோடு இருக்கிற செல்லில் இருந்து மட்டுமே உணவை உறிஞ்ச முடியும். செல் செத்தால் அவற்றுக்குச் சாப்பாடு இல்லை. வைரஸும் அப்படியே, உயிருள்ள செல்லின் இயந்திரங்கள் இல்லாமல் அதனால் ஒரு பிரதிகூட எடுக்க முடியாது. இந்த மாதிரிக் கிருமிகளுக்கு எதிராகச் செல்லின் தற்கொலை கச்சிதமான ஆயுதம். நான்கு செல்லைப் பலிகொடுத்தால் மிச்ச இலை பிழைத்துக்கொள்ளும்.

புகையிலையில் இருக்கும் 'என்' (N) என்ற மரபணுவை வைத்து இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புகையிலை தேமல் வைரஸை இலையில் தேய்த்தால், இந்த மரபணு உள்ள செடியில் இரண்டு மூன்று நாளில் தேய்த்த இடங்களில் சின்னச் சின்னக் காய்ந்த வட்டங்கள் தோன்றும், வைரஸ் அவற்றோடு நின்றுவிடும். ஆனால் வெப்பநிலை 28 டிகிரிக்கு மேலே போனால் இந்த எதிர்ப்பு வேலை செய்யாது. சூடான அறையில் வைத்த செடியில் வட்டம் எதுவும் வராது, செடி பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே வைரஸ் தாராளமாகப் பரவிக்கொண்டிருக்கும். பிறகு அந்தச் செடியைக் குளிர்ந்த அறைக்கு மாற்றினால் உணர்வி திடீரென்று விழித்துக்கொள்ளும், வைரஸ் பரவிய செல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தற்கொலை செய்துகொள்ளும், செடி மொத்தமாகத் துவண்டு சாகும். அதே மரபணுதான், அதே வைரஸ்தான். நேரத்தில் விழித்தால் காப்பாற்றியது, தாமதமாக விழித்துச் செடியையே கொன்றது.

தக்காளியின் எம்ஐ-1 மரபணுவுக்கும் இதே சூட்டுப் பலவீனம் உண்டு. காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து 1940-களில் பயிரிடும் தக்காளிக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மரபணு, வேர்முடிச்சு நூற்புழு வேரில் தன் உணவுச் செல்லை உருவாக்கப் பார்க்கும் இடத்திலேயே செல்களைச் சாகடித்து அதைப் பட்டினி போடுகிறது. சில அசுவினி வகைகளையும் வெள்ளை ஈயையும்கூட ஓரளவு தடுக்கிறது, ஒரே மரபணு புழுவையும் பூச்சியையும் பார்த்துக்கொள்வது அபூர்வம். ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் நூற்புழு எதிர்ப்பு போய்விடும். நம் ஊர்க் கோடையில் 28 டிகிரி என்பது ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். எல்லாக் கிருமியும் உயிருள்ள செல்லை நம்பி வாழ்வதில்லை. நச்சைப் பாய்ச்சிச் செல்லைக் கொன்றுவிட்டு, செத்த திசுவை நிதானமாகத் தின்கிற பூஞ்சைகள் நிறைய இருக்கின்றன. அவற்றின் முன்னால் செல் தானாகவே செத்துக் காட்டினால் என்ன ஆகும்? கொல்லுகிற வேலைகூட மிச்சம். திராட்சையிலும் ஸ்ட்ராபெரியிலும் சாம்பல் நிறப் பூசணம் உண்டாக்கும் போட்ரைடிஸ் பூஞ்சையை அரபிடாப்சிஸில் சோதித்தபோது, செடியின் இந்தத் தற்கொலை எதிர்வினை பூஞ்சை பரவுவதற்கு உதவியது என்று 2000-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் ஆய்வகத்துக்கு வெகு முன்பே விவசாயிகள் இதைப் பெரும் நஷ்டத்தோடு அனுபவித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஓட்ஸ் பயிருக்குக் கிரீடத் துரு என்ற நோய் ஓயாத தொல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த விக்டோரியா என்ற ஓட்ஸ் வகையில் அதற்கு நல்ல எதிர்ப்பு இருந்தது, பிசி-2 என்ற ஒரே மரபணு. இனவிருத்தியாளர்கள் அதைப் புது ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள், துரு நின்றது, விளைச்சல் கூடியது, 1940-களில் விக்டோரியா வழிவந்த ரகங்கள் ஏக்கர் ஏக்கராகப் பரவின. 1946-இல் அதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒரு பூஞ்சை அந்த வயல்களில் கருகல் நோயாக வெடித்தது. விக்டோரியா வழி வந்த ரகங்களை மட்டுமே அது தாக்கியது, மற்ற ஓட்ஸ் ரகங்கள் பக்கத்து வயலில் பச்சையாக நின்றன. பூஞ்சை விடும் நச்சுக்கு விக்டோரின் என்றே பெயர் வந்தது. துரு எதிர்ப்பை வைத்துக்கொண்டு இந்தக் கருகலை மட்டும் நீக்க எத்தனையோ கலப்பு செய்து பார்த்தார்கள். இரண்டையும் பிரிக்கவே முடியவில்லை. எதிர்ப்பு தரும் மரபணுவும் நோயை வரவழைக்கும் மரபணுவும் ஒன்றேதான் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

அதற்கு ஆதாரம் அறுபது ஆண்டுகள் கழித்து அரபிடாப்சிஸில் கிடைத்தது. விக்டோரின் நச்சுக்கு ஆட்படும் செடிகளில் அதற்குக் காரணமான மரபணுவைத் தேடிப் போனவர்கள், 2007-இல் லவ்1 என்ற மரபணுவைக் கண்டார்கள். அது ஒரு என்எல்ஆர், அதாவது அச்சு அசல் எதிர்ப்பு மரபணு. அது செல்லுக்குள் ஒரு புரதத்தைக் காவல் காக்கிறது. விக்டோரின் வந்து அந்தப் புரதத்தைத் தொட்டதும் லவ்1 யாரோ தாக்குகிறார்கள் என்று விழித்து, முறைப்படி செல்லைச் சாகடிக்கிறது. பூஞ்சைக்கு வேண்டியதும் அதுதான். செடியின் காவலைத் தூண்டிவிட்டே செடியைத் தின்கிறது.

இது ஓட்ஸோடு முடிந்த கதை இல்லை. கோதுமையில் டிஎஸ்என்1 என்ற மரபணு இருந்தால், டாக்ஸ்-ஏ என்ற புரதத்தைச் சுரக்கும் பூஞ்சைகளால் இலைக் கருகல் வரும். மரபணு இல்லாத கோதுமைக்கு அந்தப் புரதத்தால் ஒன்றும் ஆகாது. 2010-இல் டிஎஸ்என்1-ஐப் பிரித்தெடுத்துப் பார்த்தால் அதுவும் எதிர்ப்பு மரபணுக்களின் சாயலில்தான் இருந்தது. டாக்ஸ்-ஏ மரபணு ஒரு பூஞ்சை இனத்திலிருந்து வேறொரு பூஞ்சை இனத்துக்குத் தாவிப் போயிருக்கிறது என்பதும் 2006-இல் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் இனவிருத்தியாளர்கள் டாக்ஸ்-ஏ புரதத்தை நேரடியாக இலைக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள், எந்தச் செடியின் இலை கருகுகிறதோ அந்தச் செடி வழியைக் கழித்துவிடுகிறார்கள். துரு நோய்க்கு எதிர்ப்பு மரபணுவைச் சேர்க்கிறோம், இந்த நோய்க்கு மரபணுவை நீக்குகிறோம். 'எதிர்ப்பு மரபணு எவ்வளவு சேர்த்தாலும் நல்லது' என்ற எண்ணம் தவறு என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

இதற்குக் கொஞ்சம் ஹார்மோன் பின்னணியும் உண்டு. உயிருள்ள செல்லில் வாழும் கிருமிகளை எதிர்க்கச் செடி பெரும்பாலும் சாலிசிலிக் அமிலத்தை நம்புகிறது, கொன்று தின்பவற்றையும் இலை கடிக்கும் பூச்சிகளையும் எதிர்க்க ஜாஸ்மோனிக் அமிலத்தையும் எத்திலீனையும் நம்புகிறது. ஒன்று ஏறினால் மற்றது இறங்குவது வழக்கம்.

நடுவில் இருக்கிற கிருமிகளும் உண்டு. குலை நோய்ப் பூஞ்சையே அப்படித்தான். அதன் வித்து இலைமேல் முளைத்து, கருப்பு நிறமி பூசிய குமிழ் போன்ற ஓர் உறுப்பை உருவாக்கி, அதற்குள் 8 மெகாபாஸ்கல் வரை அழுத்தத்தை ஏற்றி, அதாவது கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு, இலையின் மேல்தோலைத் துளைத்து இறங்குகிறது. முதல் சில நாள் செல்லைக் கொல்லாமல் உள்ளே வளரும், அதன்பிறகே கொல்ல ஆரம்பிக்கும். அந்த முதல் சில நாளில் உணர்வி பிடித்துவிட்டால் எதிர்ப்பு ஜெயிக்கும். அயர்லாந்தில் 1845-இல் பெரும் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்குக் கருகல் நோய்க் கிருமியும் இதே பாணி.

பாக்டீரியாவுக்கு வருவோம். நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எதிரான மூன்று மரபணுக்கள் மூன்று வேறு வழிகளில் வேலை செய்கின்றன, எதிர்ப்பு என்றாலே உள் உணர்வி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மாலி நாட்டிலிருந்து வந்த காட்டு நெல் ஒன்றில் கிடைத்த எக்ஸ்ஏ21, செல்லின் வெளிச்சவ்வில் நிற்கும் உணர்வி. பாக்டீரியா வெளியே விடும் ஒரு சிறு புரதத் துண்டை அது பிடித்துக்கொள்ளும். அதன் மரபணுவைப் பமேலா ரொனால்டின் கலிபோர்னியக் குழு 1995-இல் பிரித்தெடுத்தது. எக்ஸ்ஏ13 வேலை செய்யும் விதம் வேறு. இந்த பாக்டீரியா இலை நரம்பின் நீர்க்குழாய்களில் வாழ்வது, அங்கே சர்க்கரை குறைவு. அதனால் நெல் செல்லுக்குள் ஒரு புரதத்தை அனுப்பி, சர்க்கரையை வெளியே தள்ளும் ஸ்வீட்11 என்ற மரபணுவை வலுக்கட்டாயமாக முடுக்கிவிடுகிறது. எக்ஸ்ஏ13 உள்ள நெல்லில் அந்த முடுக்கும் இடத்தின் டிஎன்ஏ எழுத்துக்கள் மாறியிருக்கின்றன, பாக்டீரியாவின் புரதம் அங்கே உட்கார முடியாது, சர்க்கரை வராது, பட்டினி. இதில் சண்டையே இல்லை, தற்கொலையும் இல்லை. எக்ஸ்ஏ5-ம் ஏறக்குறைய அப்படித்தான், அந்தப் புரதம் வேலை செய்யத் தேவைப்படும் நெல் புரதம் ஒன்றில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதால் பாக்டீரியாவுக்குப் பிடி கிடைப்பதில்லை.

இந்த மூன்றையும் ஒரே ரகத்தில் சேர்த்ததுதான் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. நாம் ஆந்திரா பொன்னி என்று கேட்டு வாங்கும் பிபிடி 5204 அரிசிக்கு ருசி உண்டு, இலைக்கருகலைத் தாங்கும் சக்தி இல்லை. ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து, டிஎன்ஏ அடையாளங்களை வைத்து மூன்று மரபணுக்களையும் அதற்குள் கொண்டுவந்து 2008-இல் வெளியிட்டன. மூன்று ஏன்? பாக்டீரியா ஒன்றைத் தாண்ட ஒரு மாற்றம் போதும், மூன்றையும் ஒரே நேரத்தில் தாண்ட மூன்று மாற்றங்கள் ஒரே கிருமியில் சேர்ந்து வர வேண்டும். மிக நல்ல வேலை, எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் மூன்று மரபணுவும் சேர்ந்து தடுப்பது அந்த ஒரு பாக்டீரியா நோயைத்தான். குலை நோய்க்கு அவற்றால் எதுவும் செய்ய முடியாது.

ஒற்றை மரபணுவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி நல்ல பாடம். 1973-இல் வெளியான ஐஆர் 26 ரகத்தில் பிபிஎச்1 என்ற ஒரு மரபணு இருந்தது. பெரிய பரப்பில் நட்டார்கள், சில வருடங்களிலேயே அதைச் சாப்பிடப் பழகிய புகையான் வகை பெருகிவிட்டது. கோதுமையில் எஸ்ஆர்31 மரபணு பல பத்தாண்டுகள் தண்டுத் துருவைத் தடுத்தது, 1990-களின் கடைசியில் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யுஜி99 என்ற இனம் அதைத் தாண்டியது. கிருமி தன் எஃபெக்டரை மாற்றிக்கொண்டாலோ கைவிட்டாலோ போதும், உணர்விக்குக் கண் தெரியாது.

வைரஸில் இன்னொரு வழியும் இருக்கிறது. நெல்லின் துங்ரோ நோய் இரண்டு வைரஸ்கள் சேர்ந்து உண்டாக்குவது, பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. அதில் ஒரு வைரஸ் தன் புரதங்களைத் தயாரிக்க நெல்லின் ஒரு தொழிற்புரதத்தைக் கடன் வாங்குகிறது. இந்தோனேசிய ரகம் ஒன்றில் அந்தப் புரதம் சற்று மாறியிருப்பதால் வைரஸால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. இப்படிக் 'கொடுக்காமல் இருப்பதால்' வரும் எதிர்ப்பு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும், அதனால் இனவிருத்தி செய்வது சிரமம், ஆனால் கிருமியால் சுலபமாகத் தாண்ட முடிவதில்லை.

பார்லியின் எம்எல்ஓ இதற்குப் பேர்போன உதாரணம். அந்த மரபணு வேலை செய்யாமல் போன செடிக்குச் சாம்பல் நோய் வருவதில்லை. 1942-இல் ஜெர்மனியில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி இப்படி ஒரு செடி கிடைத்தது, எத்தியோப்பியாவின் நாட்டு பார்லியில் இயற்கையாகவே இருந்தது. ஐரோப்பாவில் 1980-லிருந்து பயிரிட்டும் இன்னும் உடையவில்லை. அதே செடியைக் குலை நோய்ப் பூஞ்சைக்குக் காட்டினால் சாதாரணச் செடியைவிட மோசமாகத் தாக்கப்படுகிறது. எந்த நோய் அந்த ஊரில் பெரிதோ அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான். சாம்பல் நோய் ஊருக்கு அது வரம், மற்ற ஊருக்கு யோசிக்க வேண்டும்.

எதிர்ப்பைச் சும்மா சுமந்துகொண்டிருப்பதற்கும் விலை உண்டு. அரபிடாப்சிஸில் ஆர்பிஎம்1 என்ற ஒரே உணர்வி இருக்கிற செடி, கிருமியே இல்லாத வயலில் 9 சதவீதம் குறைவாக விதை தந்தது என்று 2003-இல் கணக்கிட்டார்கள். எல்லா உணர்விக்கும் இதே விலை என்று சொல்லிவிட முடியாது, இருந்தாலும் 400 உணர்வியோடு நிற்கிற நெல் அவற்றைக் கட்டுக்குள் வைக்க எவ்வளவு பாடுபடும் என்று இதிலிருந்து தெரிகிறது.

மெதுவாக வேலை செய்யும் எதிர்ப்புகளுக்கு நான் கூடுதல் மதிப்பு தருவேன். கோதுமையின் எல்ஆர்34 மரபணு செல்லைக் கொல்வதில்லை, நோயை முழுசாக நிறுத்துவதும் இல்லை. இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் மூன்றையும் தாமதப்படுத்துகிறது, அது இருக்கிற செடியின் கொடியிலை (கதிருக்குக் கீழே இருக்கும் கடைசி இலை) நுனி கொஞ்சம் காய்ந்து தெரியும், விவசாயி பார்த்தால் குறை என்றே நினைப்பார். நூறு வருஷமாகக் கிருமிகள் அதை உடைக்கவில்லை. நெல்லிலும் குலை நோய்க்கு பிஐ21 என்று ஒன்று உண்டு, ஜப்பானின் மேட்டு நிலப் பழைய ரகத்தில் இருந்தது. வெகு காலம் அதைப் பயன்படுத்த முடியாமல் தவித்தார்கள், காரணம் அதன் பக்கத்திலேயே சோற்றின் ருசியைக் கெடுக்கும் ஒரு மரபணு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்தது 2009-இல்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் நெல்லின் இலையுறைக் கருகல் நோய்க்கு என்ன மரபணு என்று கேட்டால், முழு எதிர்ப்புத் தரும் ஒற்றை மரபணு எதுவும் கையில் இல்லை. அதை உண்டாக்கும் ரைசாக்டோனியா கொன்று தின்கிற வகை, நெல் மட்டுமல்ல, எத்தனையோ பயிர்களையும் களைகளையும் தாக்குவது. கொஞ்சம் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன, அதுவும் பல மரபணுக்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்து தரும் தாங்குதிறன். கடுகு போன்ற அதன் பழுப்பு உருண்டைகள் மண்ணில் கிடந்து, தண்ணீர் கட்டியதும் மிதந்து வந்து, தண்ணீர் மட்டத்துக்கு நேரே இலையுறையில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் நீள்வட்டப் புள்ளி தோன்றினால் அது இதுதான். எந்த ரகமாக இருந்தாலும் யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், நடவை நெருக்காதீர்கள், வரப்புப் புல்லைச் செதுக்கி வையுங்கள், நோய் வந்த வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திறந்து விடாதீர்கள்.